கழிவுக்கு ஒரு வழி

கடல்நீர்த் தொட்டியில் மீன் செத்து மிதக்கும் நாளில் நீர் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். கலங்கல் கண்ணுக்குத் தெரியும்; கொல்லும் அம்மோனியா தெரியாது. மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாகவே நீரில் விடுகிறது. எத்தனை நுண்ணிய பஞ்சை வைத்தாலும் அது தங்காது, ஏனென்றால் அது துகள் அல்ல, நீரில் கரைந்துவிட்ட பொருள்.

நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் கடல்நீருக்கு வரும்போது தடுமாறுவதற்குக் காரணம் வேதியியலில் இருக்கிறது. கரைந்த அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று மின்னேற்றம் பெற்ற அம்மோனியம். அதனால் ஆபத்து குறைவு. மற்றது மின்னேற்றம் இல்லாத அம்மோனியா. செவுளின் மெல்லிய சவ்வை எளிதில் கடந்து மீனின் இரத்தத்தில் கலந்துவிடும். எது எவ்வளவு என்பதை நீரின் பி.எச். அளவு தீர்மானிக்கிறது. பி.எச். 7 உள்ள நன்னீரில் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பி.எச். 8.2 உள்ள, 27 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள கடல்நீரில் அது ஏழெட்டுப் பங்கு. அதே அளவு கழிவு, பத்து மடங்குக்கும் மேல் நஞ்சு.

ஆக்சிஜனிலும் கடல்நீர் கஞ்சத்தனமானது. 27 டிகிரியில் லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கடல்நீர் ஆறரை மில்லிகிராமோடு நின்றுவிடும். மீனும் சுவாசிக்க வேண்டும், மீனின் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களும் சுவாசிக்க வேண்டும், எல்லாம் இந்த ஆறரைக்குள்.

ஆகவே ஃபில்டர் வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒரு கேள்விக்குப் பதில் கையில் இருக்க வேண்டும். நான் போடும் தீவனத்தில் உள்ள நைட்ரஜன், இந்தத் தொட்டியை விட்டு எந்த வழியாக வெளியே போகப் போகிறது? இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

கழிவைத் தின்பவை

1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் சூரிச்சில் ஆய்வு செய்துகொண்டிருந்த செர்கேய் வினோகிராட்ஸ்கி, அம்மோனியாவை எரித்து அதிலிருந்தே வாழும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. சூரிய ஒளியோ வேறு உயிரின் உடலோ தேவைப்படாமல், கனிமப் பொருளிலிருந்தே ஆற்றல் பெறும் உயிர்கள் உண்டு என்பதை உலகுக்குக் காட்டியவர் அவர்.

பாடநூல்கள் நெடுங்காலமாக நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற இரண்டு பெயர்களையே சொல்லிவந்தன. 1998ல் டிமத்தி ஹொவனெக்கும் அவருடைய குழுவினரும் நன்னீர்த் தொட்டிகளை மரபணு முறையில் ஆராய்ந்தபோது, நைட்ரைட்டை மாற்றும் வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா இனம் என்று தெரிந்தது. 2005ல் அதைவிடப் பெரிய செய்தி வந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடல் காட்சியகத்தில் இருந்த ஒரு வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டியிலிருந்து, அம்மோனியாவை எரிக்கும் ஓர் ஆர்க்கியாவைத் தனியே பிரித்து வளர்த்தார்கள். நைட்ரோசோபியூமிலஸ் மாரிட்டிமஸ் என்று அதற்குப் பெயர். பாக்டீரியாவே அல்லாத அந்த உயிர், மிகமிகக் குறைந்த அம்மோனியாவிலும் வாழ வல்லது. உலகப் பெருங்கடல்களில் நைட்ரஜன் சுழற்சியை நடத்தும் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. மீன் வளர்க்க வைத்த ஒரு தொட்டி, கடலின் வேதியியலைப் புரிந்துகொள்ள அறிவியலுக்குக் கிடைத்த வாசலாயிற்று.

இந்த உயிர்கள் பரப்புகளில் ஒட்டி வாழ்பவை. பாறை, மணல், பஞ்சு, பீங்கான் வளையம் என எதுவானாலும், அதன்மேல் ஆக்சிஜன் நிறைந்த நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இவை மெதுவாகப் பெருகும். குடலில் வாழும் ஈ.கோலி நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்கு அதற்குப் பல மணி நேரம், சில வேளை ஒரு நாளுக்கும் மேல் ஆகும். புதிய தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆவது இதனால்தான்.

ஒரு கிராம் தீவனத்தின் கணக்கு

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 255 லிட்டர் கொள்ளும். பாறையும் மணலும் போக 200 லிட்டர் நீர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடி கோமாளி மீன், கூடவே இரண்டு மூன்று சிறு மீன்கள். நாளுக்கு ஒரு கிராம் உலர்தீவனம்.

தீவனத்தில் 45 சதவீதம் புரதம் என்றால், புரதத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். ஆக, நாள்தோறும் 72 மில்லிகிராம் நைட்ரஜன் தொட்டிக்குள் போகிறது. வளர்ந்து முடிந்த மீன் இதைத் தன் உடலில் சேர்த்து வைப்பதில்லை. விரைவிலேயே நீருக்குத் திருப்பிவிடும். நுண்ணுயிர்கள் இல்லாவிட்டால் லிட்டருக்கு 0.44 மில்லிகிராம் அம்மோனியா நாளுக்கு நாள் ஏறும். சில நாட்களில் மீன் மூச்சுத் திணறும்.

நுண்ணுயிர்கள் இருந்தால் அம்மோனியா நைட்ரேட் ஆகிவிடும். அதற்குப் பிறகு? நாளுக்கு லிட்டருக்கு 1.6 மில்லிகிராம் நைட்ரேட், வாரத்துக்கு 11 மில்லிகிராம். வாரந்தோறும் பத்து சதவீத நீரை மாற்றினால் போதும் என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் சேர்வதும் வாரம் வெளியேறுவதும் சமமாகும் வரை நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும். லிட்டருக்கு சுமார் 110 மில்லிகிராம் வந்த பிறகுதான் ஏற்றம் நிற்கும். இருபத்தைந்து சதவீதம் மாற்றினால் 45ல் நிற்கும். நைட்ரேட் அம்மோனியாவைப் போல உடனே கொல்லாது. பல மீன்கள் 45ஐத் தாங்கும். பவளத்திட்டு சூழ்ந்த இயற்கைக் கடலில் அது பொதுவாக ஒரு மில்லிகிராமை எட்டுவதுகூட இல்லை. பவள உயிர்களை வளர்க்க நினைப்பவருக்கு நீர் மாற்றம் மட்டும் போதாது.

இதே கணக்கில் இன்னொரு செலவும் மறைந்திருக்கிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க 4.57 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும், கூடவே 7.14 மில்லிகிராம் காரத்தன்மை கரைந்துபோகும். நம் தொட்டியில் நாளுக்கு லிட்டருக்கு 1.6 மில்லிகிராம் ஆக்சிஜன் நுண்ணுயிர்களுக்கே போகிறது. நீரில் உள்ளதில் அது கால்பங்கு. கடல்நீரின் காரத்தன்மை லிட்டருக்கு 115 மில்லிகிராம் அளவில் தொடங்கும். அதில் நாளுக்கு இரண்டரை மில்லிகிராம் குறைந்தால், ஒரு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். தொட்டி பழசானதும் பி.எச். இறங்குகிறது என்று குறைசொல்பவர்கள் தேட வேண்டிய இடம் இது.

வெளியேறும் வழிகள்

தொட்டி வளர்ப்பின் வரலாறே இந்த நைட்ரஜனை வெளியேற்றும் வழிகளைத் தேடிய வரலாறுதான்.

அடிச்சரளை வழியாக நீரை இழுக்கும் பழைய தட்டு ஃபில்டர் அம்மோனியாவை நன்றாக மாற்றும். ஆனால் உணவுத் துணுக்குகளையும் சரளைக்குள் இழுத்து அடைத்துவைக்கும். 1986ல் ஜார்ஜ் ஸ்மிட் அமெரிக்க இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரைகள் சொட்டு ஃபில்டரைப் பரவலாக்கின. பிளாஸ்டிக் பந்துகள்மேல் நீரை மெல்லச் சொட்டவிட்டால், காற்று தாராளமாகக் கிடைப்பதால் நுண்ணுயிர்கள் செழிக்கும். அம்மோனியா சுத்தமாக நீங்கும். ஆனால் எல்லாம் நைட்ரேட்டாகவே குவியும். நைட்ரஜன் தொட்டியை விட்டு வெளியேறவில்லை, உருவம்தான் மாறியது.

வெளியேறும் வழியைக் காட்டியது பாறை. இந்தோனேசியாவின் லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த துளைகள் நிறைந்த பாறைகளை வைத்துக் காற்றுக் குமிழி மட்டும் விட்டுப் பவளத்தை வளர்த்துக்காட்டினார். 1961ல் அதைப் பற்றி எழுதினார். 1970களில் ஜெர்மனியின் பெர்லின் நகரத் தொட்டியாளர்கள் பாறை, வலுவான ஒளி, நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் மூன்றையும் சேர்த்து ஒரு முறையை உருவாக்கினார்கள். பெர்லின் முறை என்று இன்றும் அது அழைக்கப்படுகிறது. பிரான்சின் நீஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ழான் ஜோபேர், ஆழமான மணற்படுகையைக் கொண்டு அதே பலனைப் பெற்றார்.

பாறைக்குள் என்ன நடக்கிறது? வெளிப்பரப்பில் ஆக்சிஜன் உண்டு. அங்கே அம்மோனியா நைட்ரேட் ஆகிறது. சில மில்லிமீட்டர் உள்ளே போனால் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அங்கே வாழும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிச் சுவாசிக்கின்றன. மிஞ்சும் நைட்ரஜன் வாயுவாகிக் குமிழியாக மேலேறி, நம் வீட்டுக் காற்றில் கலந்துவிடுகிறது. நைட்ரஜன் உண்மையிலேயே தொட்டியை விட்டுப் போகும் இடம் இதுதான். இழந்த காரத்தன்மையில் ஏறத்தாழப் பாதியும் இந்த வினையில் திரும்பி வருகிறது. ஒரே கல்லின் வெளிப்புறமும் உட்புறமும் சேர்ந்து ஒரு சுழற்சியை முடித்துவைக்கின்றன.

ஸ்கிம்மரின் வேலை வேறு. கரையில் அலை மோதும்போது நுரை திரள்வதைப் பார்த்திருப்பீர்கள். கரைந்த புரதம், கொழுப்பு போன்ற பொருள்களின் மூலக்கூறுகளில் ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை நீரை வெறுக்கும். நீரும் காற்றும் சந்திக்கும் எல்லை கிடைத்தால் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்கிம்மர் அந்த எல்லையைப் பல்லாயிரம் சிறு குமிழிகளாக உருவாக்கித் தருகிறது. உப்பு நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று எளிதில் சேராமல் சிறிதாகவே இருப்பதால்தான் இக்கருவி கடல்நீருக்குப் பொருந்துகிறது, நன்னீருக்குச் சரிவருவதில்லை. மேலேறும் நுரை ஒரு கோப்பையில் கறுத்த நீராகச் சேரும், அதைக் கொட்டிவிடலாம்.

ஆனால் ஸ்கிம்மரை எல்லாம் வல்லதாக எண்ணக்கூடாது. செவுளிலிருந்து நேரே வரும் அம்மோனியாவை அது தொடாது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் 2009ல் வெளியிட்ட அளவீடுகளின்படி, சோதித்த ஸ்கிம்மர்கள் நீரில் உள்ள கரிமக் கார்பனில் இருபது முப்பது சதவீதத்தையே எடுத்தன. விலை உயர்ந்த கருவிக்கும் நடுத்தரக் கருவிக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. ஸ்கிம்மர் தரும் இரண்டாவது நன்மையை நம் ஊர் வெயிலில் முதல் நன்மையாகவே சொல்லலாம்: அது நீருக்கு ஓயாமல் ஆக்சிஜன் ஊட்டுகிறது.

மூன்றாவது வழி பாசி. தொட்டிக்குக் கீழே வைக்கும் இன்னொரு தொட்டியில் விளக்கு வைத்துக் கீட்டோமார்ஃபா போன்ற இழைப்பாசியை வளர்த்தால், அது அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட் மூன்றையும் உண்டு வளரும். வாரம் ஒரு பிடி பிடுங்கி எறிந்தால் அத்தனை சத்தும் வெளியேறிவிடும். அந்த விளக்கை இரவில் எரியவிட்டால், மேல்தொட்டி இருட்டில் இருக்கும்போது பி.எச். இறங்காமல் பாசி தாங்கிப் பிடிக்கும். பிடுங்கிய பாசியை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். கால்வாயிலோ கடலிலோ விடாதீர்கள். மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தை ஒட்டிய கடற்பகுதியில் 1984ல் காணப்பட்ட கோலெர்ப்பா டாக்சிஃபோலியா என்ற தொட்டிப் பாசி, பின்னர் மத்தியதரைக் கடலின் பல கரைகளில் பரவிக் கடற்புல் வெளிகளை மூடியது.

கரித்தூள், இரும்பு ஆக்சைடு மணிகள் ஆகியவை துணைக்கருவிகள். கரி நீரின் மஞ்சள் நிறத்தையும் சில நச்சுப் பொருள்களையும் ஈர்க்கும். இரும்பு ஆக்சைடு பாஸ்பேட்டைப் பிடிக்கும். அம்மோனியாவுக்கு இரண்டும் மருந்தல்ல.

கேனிஸ்டரா, சம்பா?

சந்தையில் கிடைப்பவற்றில் கேனிஸ்டர் அழகானது. மூடிய பெட்டி, சத்தம் இல்லை, அலமாரிக்குள் அடங்கிவிடும். வாரந்தோறும் திறந்து கழுவுபவருக்கு அது நல்ல கருவி. கழுவாமல் மூன்று மாதம் விட்டால், உள்ளே சிக்கிய உணவும் எச்சமும் அங்கேயே அழுகி, அதன் வழியே ஓடும் நீரில் நைட்ரேட்டைக் கலந்துகொண்டிருக்கும்.

மின்வெட்டு வந்தால் கேனிஸ்டரின் குறை வெளிப்படும். மூடிய பெட்டிக்குள் நீர் நின்றுவிடும். உள்ளே நெருங்கி வாழும் நுண்ணுயிர்கள் இருக்கும் ஆக்சிஜனை விரைவில் தீர்த்துவிடும். சில மணி நேரத்தில் அவை சாகத் தொடங்கும். மின்சாரம் திரும்பியதும், அழுகிய அந்த நீர் ஒரே வீச்சில் மீன்கள்மேல் பாயும். நெடுநேரம் மின்சாரம் போயிருந்தால், கேனிஸ்டரைத் திறந்து உள்நீரைக் கொட்டிக் கழுவிய பிறகே ஓடவிட வேண்டும்.

சம்ப் என்பது தொட்டிக்குக் கீழே வைக்கும் இரண்டாவது தொட்டி. மேலிருந்து வழியும் நீர் அதில் விழுந்து, பஞ்சுப் பை, ஸ்கிம்மர், பாசி எல்லாவற்றையும் கடந்து மோட்டார் வழியாக மேலே திரும்பும். நீரின் மொத்த அளவு கூடும். வழிந்து விழும் நீர் காற்றோடு கலக்கும். ஆவியாகும் நீரின் குறைவு கீழ்த்தொட்டியில் மட்டுமே தெரியும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அல்ல. ஆகவே குறைந்ததை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் ஈடு செய்ய வேண்டும். சம்ப் வைப்பவர் ஒன்றை மறக்கக்கூடாது: மோட்டாரை நிறுத்தினால் மேலிருந்து எவ்வளவு நீர் இறங்கும் என்பதைச் சோதித்து, அதற்கு இடம் விட்டு வைக்க வேண்டும். திரும்பும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை இட்டால், நீர் இறங்க இறங்க அதில் காற்று புகுந்து பின்னோட்டம் நின்றுவிடும்.

மோட்டார் ஒவ்வொன்றும் நீரைச் சூடாக்கும் என்பதும் கணக்கில் சேர வேண்டும். பவளத்திட்டு மீன்களுக்கு 25 முதல் 27 டிகிரி நல்லது. சென்னையின் மே மாதத்து அறையில் நீர் தானாகவே 30ஐத் தாண்டும். அங்கே நான்கு மோட்டார் போடுபவர், அவை கொட்டும் வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டிக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

உங்கள் தொட்டிக்கு எது?

60 லிட்டர் அளவுள்ள சிறு தொட்டி, ஒரு ஜோடி சிறு கோமாளி மீன் என்றால் ஸ்கிம்மர் தேவையில்லை. நல்ல துளையுள்ள பாறை, பக்கவாட்டில் தொங்கும் சிறு ஃபில்டர், வாரம் 12 லிட்டர் நீர் மாற்றம். இரண்டு சிறு வாளியில் முடியும் வேலைக்குக் கருவி வாங்குவது வீண்.

மேலே கணக்கிட்ட 200 லிட்டர் தொட்டிக்கு என் பரிந்துரை பெர்லின் முறையின் எளிய வடிவம்: 15 முதல் 20 கிலோ துளைப்பாறை, சம்ப், அதில் ஒரு பஞ்சுப் பை, நடுத்தர ஸ்கிம்மர், இடம் இருந்தால் பாசி. சம்ப் வழியாக மணிக்கு 800 முதல் 1,000 லிட்டர் நீர் ஓடினால் போதும். பஞ்சுப் பையை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற முடியாதவர் அதை வைக்கவே வேண்டாம். அழுக்குப் பை கழிவை அகற்றாது, ஊறவைக்கும்.

சிங்கமீன், பேத்தை போன்ற பெருந்தீனி மீன்களுக்கு ஒரு கிராம் கணக்கு பொருந்தாது. நாளுக்குப் பல மடங்கு புரதம் போகும் இடத்தில் அம்மோனியாவை உடனே மாற்றும் வேகம் முதலில் வேண்டும். சொட்டு ஃபில்டரும் பெரிய ஸ்கிம்மரும் பாசியும் சேர்ந்தால்தான் சமாளிக்கும்.

நோயுற்ற மீனுக்குத் தனித்தொட்டியும், காற்றில் இயங்கும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் எல்லோரிடமும் இருக்க வேண்டும். தாமிர மருந்தைப் பிரதான தொட்டியில் ஊற்றினால் இறால், நத்தை, பவளம் எல்லாம் சாகும். பாறை தாமிரத்தை ஈர்த்துவைத்துக்கொள்ளும். மின்கலத்தில் ஓடும் ஒரு காற்றுப் பம்ப்பும் கட்டாயம். அது ஒரு குறைந்த விலை உயிர்காப்பு.

பாறை எங்கிருந்து?

பாறையே சிறந்த ஃபில்டர் என்று சொன்ன பிறகு, அது எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ல் திட்டு கட்டும் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கடலிலிருந்து பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றம். உயிருள்ளதா, எலும்புக்கூடா என்பது பொருட்டல்ல. கடல் குதிரைக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

சட்டத்துக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவளத்திட்டுகளைச் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த அரண் போனதும், பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கின. நம் வரவேற்பறைத் தொட்டிக்காக அந்தத் திட்டிலிருந்து ஒரு துண்டுகூட வரக்கூடாது.

வரவும் தேவையில்லை. நுண்ணுயிர்களுக்கு வேண்டியது துளைகள். அத்துளைகள் கடலில் உருவாயினவா, சூளையில் உருவாயினவா என்று அவை பார்ப்பதில்லை. பீங்கான் பாறை, சிமெண்டில் வார்த்துப் பல வாரம் நீரில் ஊறவைத்த பாறை இரண்டும் வேலை செய்யும். நன்றாக நடக்கும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு கைப்பிடி மணல் வாங்கிப் போட்டால் நுண்ணுயிர் விதை கிடைத்துவிடும். மீனையும் பொரிப்பகத்தில் பிறந்ததாக வாங்கலாம். கோமாளி மீனை இனப்பெருக்கம் செய்யும் நுட்பத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் உருவாக்கித் தந்திருக்கிறது.

எல்லாம் பொருத்திய பிறகு, மீன் இல்லாமல் தொட்டியை ஓடவிடுங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியா கலந்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். சேர்த்த அம்மோனியா ஒரே நாளில் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை காத்திருங்கள். ஃபில்டர் பொருள்களைக் கழுவும்போது குழாய்நீரைத் தொடாதீர்கள், குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். மாற்றி எடுத்த பழைய கடல்நீரிலேயே அலசுங்கள்.

கடைக்காரரிடம் கேட்கும் முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். நாளுக்கு எத்தனை கிராம் தீவனம்? அதிலுள்ள நைட்ரஜன் வாயுவாகவா, பாசியாகவா, நுரையாகவா, மாற்றும் நீராகவா வெளியேறும்? அந்த வேலையை வாரந்தோறும் செய்ய எனக்கு நேரம் உண்டா? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் எந்தக் கருவி என்பது தானே விளங்கும். கிடைக்காவிட்டால், தயவுசெய்து இப்போதைக்கு மீன் வாங்காதீர்கள்.